நாற்றம் என்னும் காவலன்

மனிதன் நெருப்பை வீட்டிற்குள் கொண்டுவந்து பன்னெடுங்காலம் ஆயிற்று. நம் முன்னோர் அடுக்களையில் விறகு எரிந்தது; வறட்டி எரிந்தது; கரி எரிந்தது; பின்னர் மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. இவை யாவும் ஓர் இயல்பில் ஒத்தன. தாம் இருக்கும் இடத்தை இவை ஒருநாளும் மறைத்ததில்லை. விறகு கண்ணுக்குத் தெரியும். எரியத் தொடங்குமுன் புகையும். ஈர விறகாயின் அன்னையின் கண்களில் நீரையும் வருவிக்கும். மண்ணெண்ணெய் சிந்தினால் தரையில் கறை படியும். அதன் நெடி அடுத்த அறை வரைக்கும் செல்லும். இக்காலத்தில் நம் இல்லங்களிற் பெரும்பாலானவற்றில் எரிவது வாயு. அதற்கு நிறம் இல்லை, வடிவம் இல்லை, இயல்பாக அதற்கு மணமும் இல்லை.

மணம் இல்லையா என்று நீங்கள் வியக்கலாம். “அடுக்களையில் கேஸ் வாடை வருகிறதே!” என்று வீட்டில் எவரேனும் கூறக் கேட்டிருப்பீர்கள். அந்த வாடை வாயுவினுடையது அன்று. மனிதர் வேண்டுமென்றே அதனுடன் கலந்துவிட்ட வாடை அது. அவ்வாறு கலக்கவேண்டும் என்னும் அறிவு எவ்வாறு பரவியது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, அவ்வாடையை உணர்ந்தவர் செய்யத்தக்கது யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நம் வீடுகளுக்கு வரும் எரிவாயு இருவகைப்படும். ஒன்று சிலிண்டரில் அடைபட்டு வருவது. மற்றொன்று நிலத்தடிக் குழாய் வழியே வருவது. சிலிண்டரில் வருவது நீர்மப் பெட்ரோலிய வாயு. புரோப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களை அழுத்தத்தால் நீர்மமாக்கி எஃகுக் கலத்துள் அடைக்கின்றனர். வீட்டுச் சிலிண்டர் ஒன்றில் 14.2 கிலோகிராம் இருக்கும். குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதன் பெரும்பகுதி மீத்தேன். மக்கள் இரண்டையும் ‘கேஸ்’ என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றனர். பெயர் ஒன்றாயினும் இயல்பு வேறு.

மீத்தேனைச் சதுப்பு நில வாயு என்றும் கூறுவதுண்டு. 1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்டா, மஜ்ஜோரே ஏரியின் கரையோரச் சேற்றைக் கோலால் கிளறினார். குமிழிகள் எழுந்தன. அவற்றைக் கலத்திற் பிடித்து ஆராய்ந்து, அவ்வாயு எரியும் தன்மையது எனக் கண்டார். பின்னாளில் மின்கலம் ஆக்கிப் புகழ்பெற்றவரும் இவரே. இலைகளும் தழைகளும் காற்றுப் புகாத சேற்றில் மட்கும்போது மீத்தேன் உண்டாகின்றது; நம் ஊர்க் குளத்துச் சேற்றிலும் உண்டாகின்றது. அதனைச் சோதித்துப் பார்க்கத் தீப்பெட்டியுடன் குளக்கரைக்குச் செல்லவேண்டா! வோல்டாவுக்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே சீனத்துச் சிச்சுவான் மக்கள், உப்புநீருக்காகத் தோண்டிய கிணறுகளிலிருந்து வெளிப்பட்ட இவ்வாயுவை மூங்கிற் குழாய்களிற் செலுத்தி, அதன் தீயில் உப்புக் காய்ச்சினர்.

நம் நாட்டிலும் இவ்வாயு உண்டு. காவிரிப் படுகையின் அடியில் எண்ணெயோடும் தனித்தும் அது கிடைக்கின்றது. குத்தாலத்தை அடுத்தும், இராமநாதபுரம் மாவட்டத்து வழுதூரிலும் அதனைக் கொண்டு மின்னாற்றல் ஆக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. வெளிநாடுகளிலிருந்து வரும் இயற்கை வாயுவை, நீருறையும் நிலைக்குக் கீழே 162 பாகை வரை குளிர்வித்து நீர்மமாக்கிக் கப்பலில் ஏற்றுகின்றனர். அக்கப்பல்கள் வந்து சேர்வதற்கென எண்ணூரில் 2019ஆம் ஆண்டில் ஒரு முனையம் திறக்கப்பட்டது. ஆதலின், இதுகாறும் சிலிண்டரையே கண்ட நம் ஊர்கள் சிலவற்றில் வாயுக் குழாய் வீட்டின் வாயில் வரை வந்துவிட்டது. மாணவர் இருவகை வாயுவின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அவற்றுள் முதன்மையான வேற்றுமை எடையைப் பற்றியது. மீத்தேன் காற்றினும் இலேசானது. காற்றின் எடையிற் பாதியைவிடச் சற்றே கூடுதலான எடையுடையது. ஆதலின் கசிந்த மீத்தேன் மேலெழுந்து கூரையை அடையும். சாளரத்தின் மேற்பகுதி திறந்திருப்பின் வெளியேறிவிடும். சிலிண்டர் வாயுவோ காற்றினும் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை கனமானது. அது கீழே இறங்கும், நீர் பரவுவதுபோலத் தரையோடு பரவும், வாயிற்படியைத் தாண்டும், தாழ்வான இடங்களிலும் சாக்கடையிலும் தங்கும். சாளரம் மட்டும் திறந்திருத்தல் அதற்குப் போதாது, கதவும் திறக்கப்படவேண்டும். அடுக்களைக்கு அடுத்த அறையில் தரையில் ஏற்றிவைத்த விளக்கு ஒன்று இருப்பின், அடுப்பின் அருகே தீ இல்லையே என்று நாம் அமைதியுற இயலாது. வாயு தானே தவழ்ந்து அவ்விளக்கைத் தேடிச் செல்லும்.

இனி, வாயு எப்பொழுது தீப்பற்றும் என்பதை நோக்குவோம். வாயு தனித்து எரிவதில்லை. காற்றிலுள்ள உயிரகத்தோடு ஓர் அளவிற் கலந்தால்தான் எரியும். காற்றும் மீத்தேனும் கலந்த கலவையை நூறு படி என்று கொள்வோம். அதில் மீத்தேன் ஐந்து படிக்குக் குறைவாயின் தீப்பொறி பட்டாலும் பற்றாது. பதினைந்து படிக்கு மிகுந்தாலும் பற்றாது. எரிதற்கு வேண்டும் உயிரகம் போதாமையே காரணம். ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்டதாயின் ஒரு சிறு பொறி போதும். கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்து விரியும். அவ்விரிவையே வெடிப்பு என்கின்றோம். சிலிண்டர் வாயுவுக்குக் கீழெல்லை இன்னும் தாழ்ந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு படியே போதும்.

கணக்கில் விருப்பமுள்ளவர்கள் இதனைச் சற்று நீட்டிப் பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் மும்மூன்று மீட்டராக உள்ள அடுக்களையின் கொள்ளளவு 27 கன மீட்டர். நூற்றுக்கு இரண்டு என்றால் அரைக் கன மீட்டருக்குச் சற்று மிகுதி. அவ்வளவு வாயுவின் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோகிராம். வாயு அறை முழுவதும் பரவாமல் தரையோரத்தே தங்குமாயின் அந்த ஒரு கிலோகிராமும் தேவையில்லை. இரவு முழுவதும் சிறு திருகு ஒன்று முழுதும் மூடப்படாது இருத்தல் எத்தகைய பிழை என்பதை இக்கணக்குக் காட்டும்.

நிறமும் இல்லை, மணமும் இல்லை என்றால், ஐந்து படியை வாயு எட்டிவிட்டது என்பதை மனிதன் எவ்வாறு அறிவான்? 1937ஆம் ஆண்டில், அறியாமலே இருந்த ஒரு பள்ளியின் வரலாற்றை இங்கே கூறவேண்டும்.

அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் நியூ லண்டன் என்னும் சிற்றூர் உள்ளது. 1930ஆம் ஆண்டில் அப்பகுதியில் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏழை உழவர் வாழ்ந்த அவ்வூர் சில ஆண்டுகளிற் செல்வம் கொழிக்கும் ஊராயிற்று. எண்ணெயால் வந்த வரிப்பணத்தைக் கொண்டு, எஃகுச் சட்டங்களால் தாங்கப்பெற்ற அழகிய பள்ளிக் கட்டடம் ஒன்றை எழுப்பினர். நாட்டுப்புறப் பள்ளிகளுள் மிகுந்த செல்வமுடையது என்று அதனைப் பலரும் புகழ்ந்தனர். குளிர்காலத்தில் அறைகளை வெம்மையாக்க, வாயுவால் எரியும் கணப்புகள் எழுபதுக்கு மேல் அங்கே பொருத்தப்பட்டிருந்தன.

முதலில் பள்ளி விலை கொடுத்தே வாயுவைப் பெற்றது. எண்ணெய் வயல்களில் பெட்ரோலைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் வாயுவைப் பயனற்றதென எரித்துவிடுதல் அக்கால வழக்கம். அவ்வாயு செல்லும் குழாய் பள்ளிக்கு அருகிலேயே சென்றது. அதனின்று சிலர் தம் வீடுகளுக்கு விலையின்றி இணைப்புச் செய்துகொண்டிருந்தனர். பள்ளியின் ஆட்சிக் குழுவும் அவ்வாறே செய்தது. 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பழைய ஒப்பந்தம் நீக்கப்பட்டது. புதிய இணைப்புப் பொருத்தப்பட்டது. மாதந்தோறும் சில நூறு டாலர் மிஞ்சியது. செல்வப் பள்ளிக்கு அத்தொகை பெரிதன்று. எனினும் வீணாகும் பொருளைப் பயன்படுத்துகின்றோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவர்களிடம் தீய நோக்கம் இருந்ததாக எவரும் கூறியதில்லை.

இணைப்பில் எங்கோ ஒரு கசிவு ஏற்பட்டது. கட்டடத்தின் தரைக்கும் மண்ணுக்கும் இடையே, ஆள் தவழ்ந்து செல்லத்தக்க வெற்றிடம் ஒன்று கட்டடத்தின் நீளம் முழுவதும் இருந்தது. மீத்தேன் மேலெழும் இயல்பினது எனக் கண்டோம். ஆயினும் எழுவதற்கு வழி இல்லையெனில் அடைபட்ட இடத்திலேயே அது நிறையும். நாள்தோறும் அவ்வெற்றிடத்தில் வாயு நிறைந்தது. மாணவர் சிலர் தலைவலி என்று கூறிவந்தனர் என்பர். அதனை எவரும் பெரிதாகக் கருதவில்லை. வாடை ஏதும் இருந்திருப்பின், வாயிற்காப்போன் முதல் தலைமையாசிரியர் வரை அனைவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு காரணம் தேடியிருப்பர். தலைவலிக்குக் காரணம் தேடுவார் யார்?

மார்ச்சு 18ஆம் நாள், வியாழக்கிழமை. சிறு வகுப்புப் பிள்ளைகள் முன்னரே வீடு சென்றிருந்தனர். மேல்வகுப்பு மாணவர் அறைகளில் இருந்தனர். பள்ளி முடிவதற்குச் சிறிது நேரமே எஞ்சியிருந்தது. அண்மையிலிருந்த வேறொரு கட்டடத்தில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தாய்மார் பலர் அங்கே வந்திருந்தனர். பிற்பகல் மூன்றே கால் மணியளவில், தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மின்கருவியின் சுவிட்சைப் போட்டார். சுவிட்சில் எழுந்தது ஒரு சிறு பொறி. நாம் நாள்தோறும் விளக்கைப் போடும்போது சுவிட்சுக்குள் எழும் பொறி போன்றதே அது.

கட்டடம் தரையினின்று சற்றே எழும்பி மீண்டும் விழுந்ததைக் கண்டவர்கள் கூறினர். சுவர்கள் சாய்ந்தன, கூரை அவற்றின்மேல் வீழ்ந்தது. பெரியதொரு கற்காரைப் பாளம் தொலைவில் நின்ற கார் ஒன்றின்மேல் போய் விழுந்து அதனை நசுக்கியது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். கூட்டத்திலிருந்த தாய்மார் முதலில் ஓடிவந்து வெறுங்கைகளால் கற்களை அகற்றினர். எண்ணெய் வயல்களின் தொழிலாளர் தம் பொறிகளோடு வந்து, அவ்விரவு மழையிலும் ஓயாது உழைத்தனர். அவர்களுட் பலர் தம் பிள்ளைகளையே தேடினர். அண்மை நகரமாகிய டைலரில், மறுநாள் திறக்கப்படுவதாக இருந்த புதிய மருத்துவமனை அன்றே திறக்கப்பட்டது. இடிபாடுகளிடையே கரும்பலகை ஒன்று கிடைத்தது. எண்ணெயும் இயற்கை வாயுவும் கிழக்கு டெக்சாசுக்குக் கிடைத்த பெரும்பேறு என்னும் கருத்துடைய வாசகம் அதில் எழுதப்பட்டிருந்தது.

வாயுவுக்கு வாடை கலக்கும் முறையை அறிவியலறிஞர் அதற்கு முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும் அது எங்கும் கட்டாயமாக இல்லை. நியூ லண்டன் துயரத்திற்குப் பின் அவ்வாண்டிலேயே டெக்சாஸ் மாநிலம் சட்டம் இயற்றிற்று. அதன்பின் பிற மாநிலங்களும் நாடுகளும் அம்முறையை மேற்கொண்டன. இன்று நம் வீட்டுச் சிலிண்டரைத் திறந்தவுடன் தோன்றும் வாடை, அப்பிள்ளைகளுக்குக் கிட்டாது போன எச்சரிக்கையாகும்.

அவ்வாறு கலக்கப்படும் பொருளுக்கு மெர்காப்டன் என்று பெயர். கந்தகம் சேர்ந்த கூட்டுப்பொருள் இது. அழுகிய முட்டையையும் அழுகிய முட்டைக்கோசையும் ஒருங்கே வைத்தாற்போன்ற நாற்றம் உடையது. பழந்தமிழில் நாற்றம் என்னும் சொல் நறுமணத்தையே குறித்தது. இப்பொருளின் திறத்தில் இக்காலப் பொருளே பொருந்தும். ஒரு கன மீட்டர் இயற்கை வாயுவுக்குச் சில மில்லிகிராம் அளவே போதுமானது. வேறு நல்ல மணம் ஒன்றைக் கலந்திருக்கலாகாதா என்று சிலர் கேட்பர். மல்லிகையின் மணம் கலந்திருந்தால் வீட்டார் மகிழ்ந்து உறங்கியிருப்பர். எவரும் எழுந்து தேடியிருக்க மாட்டார்.

இந்நாற்றத்தை மனிதர் மட்டுமே அறிவர் என எண்ணவேண்டா. 1930களில் கலிபோர்னியா மாநிலத்தில் வாயுக் குழாய்களைக் காத்த தொழிலாளர்கள் புதுமை ஒன்றைக் கண்டனர். குழாயில் எவ்விடத்தில் கசிவு இருந்ததோ அவ்விடத்தின் மேல் ஒருவகைப் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டன. அழுகும் ஊனிலிருந்தும் இவ்வகைப் பொருள் வெளிப்படுவதே காரணம். இரை கிடைக்கும் என்று வந்த கழுகுகள் ஏமாந்தன. தொழிலாளர்களோ வானத்தை நோக்கியே கசிவைக் கண்டுகொண்டனர்.

கலக்கும் அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. எரியத் தொடங்கும் கீழெல்லையில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றிற் கலந்தபோதே வாடை புலனாகவேண்டும் என்பது பொதுவான விதி. மீத்தேனுக்குக் கீழெல்லை நூற்றுக்கு ஐந்து. ஆகவே நூற்றுக்கு ஒன்று கலந்தவுடனே மூக்கு அறியும். ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையேயுள்ள நேரமே நமக்குத் தரப்பட்ட நேரம். அந்நேரத்தில் நாம் செய்யும் செயலைப் பொறுத்தே யாவும் அமையும்.

எனினும் இக்காவலனுக்கும் சோர்வு உண்டு. பூக்கடையில் நாள் முழுதும் இருப்பவர்க்கு மல்லிகையின் மணம் தோன்றாது. அதுபோல் வாயு வாடையிலேயே நெடுநேரம் இருந்தவர்க்கு அது மறைந்ததுபோலத் தோன்றும். வாடை நின்றுவிட்டது என்று அவர் கூறுவதை நம்புதல் ஆகாது. சளி பிடித்தவரும், முதியோரும், ஆழ்ந்து உறங்குபவரும் அதனை உணராதிருத்தல் கூடும். இளம் பிள்ளைகளின் மூக்கோ கூர்மையானது. பாட்டனார் உணராத வாடையைப் பேரன் உணர்தல் இயல்பே. அதனாலேயே இப்பாடம் பிள்ளைகளுக்கு வேண்டற்பாலது. சில நாடுகளில் வாயு நிறுவனத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு அட்டை வழங்குகின்றனர். அதனை நகத்தாற் சுரண்டினால் இவ்வாடை எழும். நம் பள்ளிகளுக்கும் அத்தகைய அட்டை வருதல் நன்று. வாடையை அறிவதற்காக அடுப்பின் திருகைத் திறந்து பார்த்தல் மட்டும் கூடாது.

இக்காவலனாற் சிறிதும் அறியமுடியாத பகை ஒன்றும் உண்டு. போதிய காற்று இன்றி வாயு எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பிறக்கும். எரியாத வாயுவில் இருந்த மெர்காப்டன் எரிந்துபோவதால் இதற்கு வாடை இராது. சாளரம் இல்லாத குளியலறையில் வாயுவால் வெந்நீர் ஆக்கும் கருவியை வைத்துக் கதவை அடைத்துக்கொண்டு குளித்தவர்கள் மயங்கி உயிரிழந்த செய்திகளை நாளிதழ்களிற் காண்கின்றோம். இதற்குக் கண்ணே காவல். அடுப்பின் சுடர் நீலமாக எரிதல் வேண்டும். மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியிற் கரி பிடிக்குமாயின், அடுப்புக்குப் போதிய காற்றுக் கிடைக்கவில்லை என்று பெரியோரிடம் கூறுக.

இனி, நம் ஊர் ஒன்றில் நிகழக்கூடிய நிகழ்ச்சி ஒன்றைக் கற்பனையிற் காண்போம். வைகறை ஐந்து மணி. ஒரு வீட்டில் பாட்டியும், ஐந்தாம் வகுப்பிற் படிக்கும் சிறுமியும், அவள் தம்பியும் இருக்கின்றனர். பெற்றோர் வெளியூர் சென்றுள்ளனர். காப்பி போடுவதற்காகப் பாட்டி எழுந்து அடுக்களைக்குச் செல்கின்றார். பின்னே வந்த சிறுமிக்கு வாயிற்படியிலேயே அந்நாற்றம் வீசுகின்றது. பாட்டியின் கை சுவிட்சை நோக்கிச் செல்கின்றது.

“பாட்டி, கையை எடுங்கள்! விளக்கைப் போடாதீர்கள்!”

“இருட்டாக இருக்கிறதே, அம்மா! போடாமல் எப்படிப் பார்ப்பது?”

“பார்க்கவே வேண்டா, பாட்டி. கேஸ் வாடை அடிக்கிறது. வெளியே போவோம், வாருங்கள்.”

“நிலாமுற்றத்து விளக்கு எரிகிறதே, அதையாவது அணைத்துவிட்டு வருகிறேன்.”

“வேண்டா, பாட்டி. போட்டாலும் பொறி வரும். அணைத்தாலும் பொறி வரும். எரிவது எரியட்டும், எதையும் தொடவேண்டா.”

இச்சிறுமிக்கு இவ்வறிவு எவ்வாறு வந்தது? அவள் தந்தையார் ‘தொடாதே’ என்று மட்டும் சொல்லி விட்டவர் அல்லர். ஒருநாள் மாலை இருவரும் இருட்டிய அறையில் நின்று, பழைய சுவிட்ச் ஒன்றின் இடுக்கில் நீலப் பொறி மின்னுவதைப் பார்த்தனர். அடிக்கடி தானே நின்று தானே ஓடும் குளிர்பதனப் பெட்டியிலும், அழைப்புமணியிலும், காற்றை வெளித்தள்ளும் மின்விசிறியிலும் அத்தகைய பொறி எழக்கூடும் என்று அவர் விளக்கினார். காரணம் அறியாத கட்டளை இருட்டில் மறந்துபோகும். பொறியைக் கண்ணாற் கண்டவள் ஆதலின், அவளுக்கு மறக்கவில்லை.

சிறுமி தம்பியை எழுப்பிக் கையைப் பிடித்துக்கொள்கின்றாள். செல்லும் வழியிலுள்ள கதவுகளை அகலத் திறந்துவிடுகின்றாள். பாட்டி சிலிண்டரை மூடிவிட்டு வரலாம் என்று திரும்புகின்றார். வாடை இலேசாக இருந்து, ரெகுலேட்டரை மூடத் தெரிந்த பெரியவர் அருகில் இருப்பின் அது சரியே. அடுப்பின் திருகையும் ரெகுலேட்டரையும் மூடுதலே முதல் வேலை. வாடையோ இன்று மிகுதி. பாட்டிக்கோ கண்பார்வை குறைவு. ஆகவே சிறுமி அவரை விடவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டாள், ஆனால் வீட்டிற்குள் அதனை இயக்கவில்லை. தெருவைக் கடந்து எதிர்வீட்டுத் திண்ணையை அடைந்த பின்னரே, அவ்வீட்டுக் கதவைத் தட்டி, “மாமா! மாமா!” என்று கூவி எழுப்புகின்றாள்.

எதிர்வீட்டு மாமா 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் சொல்கின்றார். சிலிண்டர் வாயுக் கசிவை அறிவிப்பதற்காக நாடு முழுவதும் ஏற்படுத்தப்பட்ட எண் அது. குழாய் வாயு உள்ள வீடாயின், அதனை வழங்கும் நிறுவனத்தின் அவசர எண்ணுக்குச் சொல்லவேண்டும். அவ்வெண்ணைக் கேட்டறிந்து வாயிலருகே எழுதிவைத்தல் நன்று. பின்னர் மாமா அண்டை வீட்டாரை எழுப்பி, அப்பக்கமாக எவரும் புகை பிடித்துக்கொண்டோ வண்டியை ஓட்டிக்கொண்டோ செல்லாதவாறு தெருமுனையில் நிற்கின்றார்.

பொழுது விடிந்தது. வாயு அலுவலர் வந்தார். முதலில் ரெகுலேட்டரை மூடிக் கழற்றிச் சிலிண்டரின் வாய்க்கு மூடியிட்டார். கதவும் சாளரமும் நெடுநேரம் திறந்து கிடந்தன. வாயு அளக்கும் கருவியால் அறையைச் சோதித்து, ஐயம் நீங்கிய பின்னரே வேலையைத் தொடங்கினார். முற்காலத்தில் தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவைத் தேடிய அறிவிலிகளும் உண்டு. பலர் அவ்வாறு தேடிக் கண்டது வெடிப்பையே. இவர் கிண்ணம் ஒன்றில் சவுக்கார நீரைக் கரைத்து நுரையாக்கினார். இணைப்புகளிலும் ரப்பர்க் குழாயிலும் அதனைத் தூரிகையால் தடவினார். குழாயின் நடுவே, சுவரை ஒட்டிய பக்கத்தில், நுரை சிறு குமிழியாக எழுந்து வெடித்தது, மீண்டும் எழுந்தது. எலி கடித்த தடம் அங்கே இருந்தது.

“இக்குழாய் எத்தனை ஆண்டாக இருக்கிறது?” என்று அவர் வினவினார்.

பாட்டிக்கு நினைவில்லை. குழாயின் மேல் அச்சிட்ட ஆண்டைச் சிறுமி துடைத்துப் படித்தாள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய குழாய் எட்டாண்டாக இருந்திருக்கின்றது. அலுவலர் உள்ளே எஃகுக் கம்பி பின்னிய செம்மஞ்சள் நிறக் குழாயைப் பொருத்தினார். பின்பு சிறுமியை அழைத்து, சிலிண்டரின் கழுத்தருகே தாங்குபட்டையில் எழுதியிருந்த எழுத்தையும் எண்ணையும் காட்டினார். ஏ என்பது சனவரி முதல் மார்ச்சு வரையிலும், பி அடுத்த மூன்று திங்களையும், சி அதற்கடுத்த மூன்றையும், டி ஆண்டின் இறுதி மூன்றையும் குறிக்கும். எழுத்தை அடுத்து நிற்பது ஆண்டு. அச்சிலிண்டரை மீண்டும் சோதிக்கவேண்டிய காலத்தை அவை தெரிவிக்கின்றன. அக்காலம் கடந்த சிலிண்டரை வாங்காது திருப்பியனுப்பலாம்.

“இனிமேல் சிலிண்டர் வந்தால் நீயே படித்துச் சொல். எனக்குக் கண் தெரிவதில்லை,” என்றார் பாட்டி.

அடுப்பை அன்று மூட்டவில்லை. எதிர்வீட்டு மாமி இட்லியும் ஒரு செம்பு நிறையக் காப்பியும் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். தம்பி அதற்குள் மூன்று முறை, “எனக்கும் வாடை தெரிந்தது,” என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று.